போனதற்கும் பாண், வந்ததற்கும் பாண்

சேசு மரி சூசை துணை

தலைமன்னார்,
28.02.1969

அன்புள்ள தம்பி கிறகரிக்கு,

அக்கா மாக்கிறட் எழுதுவது. எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டது, பொய் எழுதப் பயமாக இருக்கிறது. உடம்பளவில் சுகம், அவ்வளவுதான். நீயும் றஞ்சிதமும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தம்பி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. கதிரையை இழுத்துப் போட்டு இரு. றஞ்சிதத்திடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிப் பாதி குடித்த பிறகு அடுத்த வரிக்கு வா.

பெற்றிசியா வந்துவிட்டாள். விடுமுறைக்கு இல்லை. ஒரேயடியாக வந்துவிட்டாள்.

கோபப்படாதே. அந்தக் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு இடம் எடுக்க நீ உன் பள்ளிக்கூட அதிபரைப் பிடித்து, அவரைக் கொண்டு பெரிய சிஸ்டரைப் பிடித்து, மூன்று தரம் படியேறினாய் என்பது எனக்குத் தெரியும். நாலு வருடமாக மன்னாரில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இழுத்தெடுத்து, போ யாழ்ப்பாணத்துக்கு என்று அனுப்பியவளும் நான்தான். ஏழு கிழமை. ஒரு வலை பின்னி முடிக்கிற காலம்கூட இல்லை, அதற்குள் திரும்பி வந்து நிற்கிறாள்.

திங்கட்கிழமை காலை நான் முற்றத்தில் பாய் விரித்துக் கட்டாக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மதவாச்சிப் பக்கமிருந்து வரும் கோச்சி ஸ்ரேசனில் நின்று கூவிக் கொஞ்ச நேரம். மணலுக்குள்ளால் ஒரு பெண்பிள்ளை கையில் பையோடு வருகிறாள். இந்தியாவுக்குக் கப்பல் ஏற வந்த யாரோ வழி தவறி வருகிறாள் என்று நினைத்தேன். கிட்ட வந்த பிறகு பார்த்தால் நான் பெற்றது! எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பாப்பரசர் காலமாகிவிட்டார், அதுதான் பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள் என்று. உடனே சிலுவை போட்டுக்கொண்டு, ஆரடி செத்தது எண்டு கேட்டேன். ஒருத்தரும் சாகேல்லை அம்மா, பசிக்குது எண்டாள். அதோடு குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் இடம் கிடைத்தால் பாண் கொடுப்பதாக அந்தோனியாருக்கு நான் நேர்ந்ததும், ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் பேக்கரியில் போடுவித்த நூற்றியொரு பாண் கொடுத்ததும் உனக்கு எழுதியிருந்தேன். எங்கள் கோயில் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. எந்தக் காரியத்துக்கு நேர்ந்த பாண் என்று மூப்பர் மணி அடித்துச் சொன்ன பிறகுதான் யாரும் கை நீட்டலாம். மூப்பர் யாகப்பர் படியில் ஏறி நின்று, சந்தியோகு மாக்கிறட்டின் மகள் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போகிறாள் என்று சொன்னபோது நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்ற நிலையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனத்துக்கு இனி என்ன சொல்வது? எதிரே வந்த முதல் ஆளிடம், போர்டிங்கில் கொப்பளிப்பான், அதனால் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் படலையில் மூன்று கட்டு வேப்பிலை தொங்கியது. அன்று தொடக்கம் மீன் கேட்டு வருகிறவர்களும் தெருவில் நின்றே கூப்பிடுகிறார்கள். உன் அத்தான் கடலில் இருந்து வந்து வேப்பிலையைப் பார்த்துவிட்டு, ஆருக்கு அம்மாள் வருத்தம் எண்டு என்னைக் கேட்டார். உங்களுக்குத்தான் எண்டன்.

ஏனடி வந்தாய் என்று கேட்காமல் விடுவேனா? மூன்று பேர் கேட்டோம், மூன்று மறுமொழி வந்தது. தகப்பனிடம், போர்டிங்கில் கிழமைக்கு ஒருநாள்தான் மீன், அதுவும் குழம்புக்குள் தேட வேண்டும் என்றாள். அந்த மனுசன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. உலகத்தில் வேறு காரணமும் வேண்டுமா என்பது போலப் பார்த்தார். என்னிடம், ஒரே மண்டபத்தில் நாற்பது பேர் படுப்பது, அதில் ஒருத்தி நித்திரையில் இரசாயனச் சமன்பாடு சொல்கிறாள், அதுவும் பிழையாகச் சொல்கிறாள், திருத்தாமல் படுக்க முடியவில்லை என்றாள். சிஸ்டர் கிறேஸிடம், இங்கே முடித்த பாடத்தை அங்கே தொடங்குகிறார்கள், இங்கே தொடங்காததை அங்கே முடித்துவிட்டார்கள் என்றாள். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்று காரணம் சொல்கிற பிள்ளையிடம் நாலாவது ஒன்று இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கிறாளில்லை.

சிஸ்டர் கிறேஸ் என்றால் மன்னாரில் அவள் படித்த பழைய கல்லூரியின் அதிபர். புதன்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோச்சியில் போனேன். ஜனவரியில் விடுகைப் பத்திரம் வாங்கப் போனபோது, இஞ்சையே படிச்சால் என்ரை பிள்ளை கிணத்துத் தவளையாத்தான் கிடக்கும் எண்டு அந்தக் கந்தோருக்குள் நின்று சொன்ன வாய் இது. சிஸ்டர் என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தவளை வந்திட்டுதோ எண்டு கேட்டா. நான் நிலத்தைப் பார்த்தேன். உன் மருமகள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள், கேடுகெட்டவள்.

சிஸ்டர் சொன்னதைக் கவனமாகக் கேள். பிள்ளையைத் திரும்ப எடுக்க அவவுக்கு விருப்பம்தான். ஆனால் அவளுடைய பெயர் இன்னும் யாழ்ப்பாணக் கல்லூரி இடாப்பில் இருக்கிறது. அங்கேயிருந்து விடுகைப் பத்திரம் வராமல் இங்கே பெயர் எழுத முடியாது. டிசம்பர் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் மார்ச் முப்பத்தோராம் திகதி மன்னாரில் இருந்து போகிறது. அதற்குள் பத்திரம் வராவிட்டால் இந்த வருடம் அவளுக்குப் பரீட்சை இல்லை. அதுவரைக்கும் வகுப்பில் பின் வாங்கில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறா.

சிஸ்டர் கிறேஸ் ரெலிபோனில் கேட்டதற்கு, சொல்லாமல் கொள்ளாமல் போன பிள்ளைக்குப் பத்திரம் கொடுக்க மாட்டோம், பொறுப்பாளர் நேரில் வர வேண்டும் என்று அங்கே பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டாவாம். பொறுப்பாளர் நீதானே. அவளுடைய றங்குப் பெட்டியும் அங்கேதான் கிடக்கிறது. பெட்டி இருக்கட்டும், பத்திரத்தை எடுத்துவிடு ராசா. இன்னொரு தரம் அந்தப் படியில் ஏறு.

கர்த்தர் உனக்குப் பொறுமையைத் தரட்டும். இந்தக் கடிதத்துக்கு அது வேண்டும்.

உன் மேல் பட்சமுள்ள அக்கா,
மாக்கிறட்

•

சேசு மரி சூசை துணை

தலைமன்னார்,
13.03.1969

அன்புள்ள தம்பி கிறகரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வரி. சுகமா என்று ஒரு சொல் இல்லை. உன் முகத்தில் கரி பூசிவிட்டோம், கிழமைக்குள் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் பேசிப் பார்ப்பாய், இல்லாவிட்டால் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டாய் என்று. சரி. சின்ன வயதில் உனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போய்க் கட்டுமரத்தில் இருப்பாய். பசி வந்ததும் தானாக வருவாய் என்று நான் மூடி வைப்பேன். இப்போதும் அப்படியே நினைத்து இந்த ஊர்ப் புதினத்தை எழுதுகிறேன்.

உன் மருமகள் தினமும் காலைக் கோச்சியில் மன்னாருக்குப் போய்ப் பின் வாங்கில் இருக்கிறாள். இடாப்புக் கூப்பிடும்போது எல்லாருடைய பெயரும் வரும், இவளுடையது வராது. போன கிழமை பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வந்தார். பெயர் இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் கேள்வி வரும் என்று சிஸ்டர் இவளை ஆய்வுகூடத்துக்குப் பக்கத்திலுள்ள சாமான் அறைக்குள் இருத்திவிட்டா. அந்த மனுசன் வகுப்பைப் பார்த்து, கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட எவ்வளவு பாரம், அதை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டாராம். பயத்தில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சாமான் அறைக்குள்ளிருந்து முழு விடையும் வந்ததாம்! கருவி எது, அது எவ்வளவு தாழும், எவ்வளவு மிதக்கும், எல்லாம். கடலில் பிறந்து வளர்ந்ததிடம் கடல் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அடக்கிக்கொண்டு இருக்குமா?

கதவைத் திறந்து, இது யார் என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் கிறேஸ் பொய் சொல்லமாட்டா. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி இடாப்பில் உள்ள பிள்ளை, இப்போது இங்கே வந்திருக்கிறாள் என்றாவாம். அதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா? வித்தியாதரிசிக்குப் பெரிய சந்தோசம். பாத்தீங்களோ பிள்ளையள், யாழ்ப்பாணத்துப் படிப்பெண்டால் இதுதான், நீங்களும் இப்பிடி வரவேணும் எண்டு பத்து நிமிடம் புத்தி சொன்னாராம். வகுப்பு முழுக்கக் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டதாம். அவள் எனக்கு இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் ஏனோ ஒரு மாதிரியாக எழும்பிப் போய்விட்டாள்.

இனி முந்தநாள் நடந்ததைக் கேள். என் மானம் இரண்டாம் தரம் போன கதை.

செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கோயிலுக்குப் போனேன். வாசலில் ஹலீம் நானாவின் மாட்டு வண்டில் நிற்கிறது. அதில் சாக்குச் சாக்காகப் பாண். எங்கள் பக்கத்தில் பேக்கரி அவருடையதுதான், என்னுடைய நேர்த்திக்கும் அவர்தான் போட்டுத் தந்தவர். இவ்வளவு பாண் யாருடைய நேர்த்தி என்று கேட்டேன். நானா மாட்டைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறாரில்லை. வியாபாரத்திலை வாயைத் திறக்கப்படாது அக்கா எண்டார். 

யாகப்பர் படியில் ஏறினார். மணி அடித்தார். சந்தியோகுவின்ரை மகள் பெற்றிசியா யாழ்ப்பாணத்திலை இருந்து திரும்பி வந்ததுக்கு நன்றியா, தகப்பன் குடுக்கிற இருநூற்றியொரு பாண் எண்டு சொன்னார். தம்பி, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள், அதோடு கோயில் வாசல் முழுக்கச் சிரிப்பு. மாக்கிறட்டக்கா, பிள்ளை இனி எப்ப போறா, வீட்டிலை பாண் முடிஞ்சிடும் எண்டு ஒருத்தி கேட்கிறாள். கொப்பளிப்பானும் அன்றோடு சுகமாகிவிட்டது. படலையில் இருந்த வேப்பிலையை யார் கழற்றினார்கள் என்றே தெரியாது.

உன் அத்தான் தூண் மறைவில் நின்றார். சந்தியோகு என்று வாள் பிடித்த புனிதரின் பெயரை வைத்துக்கொண்டு, கையில் பாண் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்! பிள்ளை போன அன்று பின்னேரமே நேர்ந்தாராம். என்னோடு ஒரே வாங்கில் முழங்காலில் இருந்து, நான் நன்றி சொன்ன நேரத்தில் இவர் திருப்பிக் கொண்டு வா என்று கேட்டிருக்கிறார். நான் நூற்றியொன்று, அதற்கு மேலே கொடுத்தால்தான் பலிக்கும் என்று இருநூற்றியொன்று. அந்தோனியாரையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்திலும் வாங்கிக்கொண்டு இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையதுதான். பிள்ளை போக வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். போய் அங்கே நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் அந்த மனுசனோடு நான் கதைக்கவில்லை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை, நிம்மதியாகச் சாப்பிட்டார். இன்று காலை பொறுக்க முடியாமல், ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டேன். அவள் போன பிறகு இந்த வீட்டிலை நீ சொல்லுறதுக்கு மறுத்துச் சொல்ல ஆள் இல்லை, எனக்கு அந்தத் தைரியமும் இல்லை எண்டார். கொஞ்சம் பொறுத்து, கடலிலை நிக்கேக்கை காலைக் கோச்சி கூவினால் இவள் அதிலை போறாள் எண்டு நினைப்பன், பிறகு அந்த நினைப்பும் இல்லாமல் போட்டுது எண்டார். நான் மீன் பொரித்துக் கொடுத்தேன்.

தம்பி, உன்னுடைய கோபம் நியாயம். ஆனால் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பு என்கிறாய், அவளை இனிக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு அந்தப் பத்திரத்தை எடு. பிள்ளையின் ஒரு வருடத்தை உன் கோபத்துக்குக் கொடுக்காதே.

றஞ்சிதத்தைக் கேட்டதாகச் சொல். நீ என்னைக் கேட்காவிட்டாலும் நான் உன்னைக் கேட்டதாக எழுதுகிறேன்.

அக்கா,
மாக்கிறட்

•

சேசு மரி சூசை துணை

தலைமன்னார்,
21.03.1969

அன்புள்ள தம்பிக்கு,

மறுமொழி போடமாட்டாய் என்று நினைத்தேன், போடவில்லை. அதனால் நானே யாழ்ப்பாணத்துக்கு வருவதாக முடிவெடுத்தேன். செவ்வாய் பின்னேரம் சோறு போடும்போது சத்தமாகச் சொன்னேன். நேரே உன் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாத்திமார் எல்லாரும் பார்க்க உன் காதைப் பிடித்து, அந்தப் பெரிய சிஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன் என்றேன். தகப்பன், நல்ல காரியம், அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போ எண்டார். பெற்றிசியா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். அங்கை போகாதேங்கோ அம்மா, மாமாவுக்கு வெக்கமாப் போயிடும் எண்டாள்.

அப்போதுதான் அந்த நாலாவது காரணம் வெளியே வந்தது.

பெப்ரவரியில் அவர்களுடைய கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு நீ நடுவராகப் போயிருந்தாய். உனக்குக் கொடுக்கச் சொல்லி நான் அனுப்பிய கருவாட்டுப் பொதியை அவள் கொண்டுவந்தாள். மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாளாம். உன் பக்கத்தில் இரண்டு வாத்திமாரும் மங்கையற்கரசி என்று ஒரு ரீச்சரும். இந்தப் பிள்ளை ஆர் எண்டு அந்த ரீச்சர் கேட்டிருக்கிறா. நீ என்ன சொன்னாய்? எங்கடை பக்கத்து ஊர்ப் பிள்ளை, தகப்பன் கடல் தொழில், கஷ்டப்பட்ட குடும்பம், நான்தான் இடம் எடுத்துக் குடுத்தனான் எண்டாயாம். பொதியை வாச்சரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாயாம். அந்த ரீச்சர் உன் நல்ல மனத்தைப் புகழ்ந்தாவாம். அடுத்த நாள் வகுப்பிலும் இவளை எழுப்பி, அந்த சேருக்கு நன்றியா இருக்க வேணும் பிள்ளை எண்டாவாம்.

பிள்ளை அப்போதும் வெளிக்கிடவில்லை. கேள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தாள் அல்லவா? வாசலில் நின்று உன்னை மாமா என்று இல்லை, 'சேர்' என்று கூப்பிட்டாளாம். நீ திருத்துகிறாயா என்று பார்த்தாளாம். நீ திருத்தவில்லை. அங்கிருந்து போனவள் அன்றைக்கே பையை எடுத்துவிட்டாள்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை முழுக்க உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் இருந்த சொற்களை நீ எங்கள் துறையில்தான் கேட்டிருப்பாய். ஒரு கொப்பியில் பாதி முடிந்தது. எழுதி முடித்துத் திருப்பி வாசித்துக்கொண்டு போனபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கிறகரி, உனக்கு இதை யார் சொல்லித் தந்தது? நான்தானே.

நீ முதன்முதல் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனபோது உன்னுடைய இரண்டு சட்டையையும் மூன்று தரம் சவுக்காரம் போட்டுத் தோய்த்து, மணந்து பார்த்து, மீன் மணம் போகவில்லை என்று நாலாம் தரமும் தோய்த்தவள் நான். ஆரும் கேட்டால் அப்பா கந்தோரிலை வேலை எண்டு சொல்லு எண்டு ஸ்ரேசனில் உன் காதுக்குள் சொன்னதும் நான். பிறகு ஒரு விடுமுறையில் உன் சிநேகிதப் பிள்ளைகள் மூன்று பேர் கப்பல் பார்க்க வந்தார்களே, அன்று வலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் போட்டுச் சாக்கால் மூடினேன். அவர்கள் போகுமட்டும் கரைக்கு வராதேங்கோ என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. விடிய ஏறினவர் பொழுதுபட்ட பிறகுதான் இறங்கினார். அந்த வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணி கொடுத்துவிட எனக்குத் தோன்றவில்லை. நீ அன்று கடல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாய், நான் உன்னை உள்ளே கூப்பிட்டேன். அவர் இதை ஒருநாளும் வாயால் சொல்லாமலே செத்துப் போனார். நான் அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. இப்போது என் பிள்ளை வந்து சொன்ன பிறகுதான் அது என்ன வேலை என்று எனக்குத் தெரிகிறது.

ஆகவே அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னை ஏச எனக்கு வாய் இல்லை. மன்னிப்புக் கேள் என்றும் சொல்லமாட்டேன். அவள் உன்னைத் திட்டவில்லை, அதையும் எழுத வேண்டும். மாமா பாவம் அம்மா, அங்கை அவர் எப்பவும் பயந்துகொண்டுதான் நிக்கிறார் எண்டாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது எங்கேயிருந்து தெரிந்ததோ.

இந்த முறை அந்தோனியாரிடம் நான் ஒன்றும் நேரவில்லை. உன் அத்தானையும் நேரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஹலீம் நானாவிடமும் போய், சந்தியோகு பாண் கேட்டு வந்தால் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இது நமக்குள் முடிய வேண்டிய காரியம், புனிதர்மாரை இழுத்தது போதும்.

விடுகைப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பாதே. கொண்டு வா. முப்பதாம் திகதி குருத்தோலை ஞாயிறு. சனிக்கிழமையே வந்துவிடு, றஞ்சிதமும் பிள்ளைகளும் வந்தால் இன்னும் நல்லது. நீ வந்து எட்டு வருடம் ஆகிறது. எங்கள் கோயிலில் குருத்தோலை பிடி. திங்கட்கிழமைதான் கடைசி நாள். அன்று காலைக் கோச்சியில் நீ அவளைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போ. ஸ்ரேசனில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இறங்குவார்கள். அவர்களோடு நடந்து போ. நீ நேரில் வந்தால் சிஸ்டர் கிறேஸ் பட்டியலைப் பின்னேரம் வரைக்கும் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறா. அவவும் ஒரு வாய் வைத்திருக்கிறா, என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நில், நான் நின்றதுபோல.

திரும்பச் சேர்கிற பிள்ளைக்கு அங்கே ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும். சிஸ்டர் அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறா. பெயர், பிறந்த திகதி, ஞானஸ்நானம், முன்பு படித்த கல்லூரி எல்லாம் பெற்றிசியா தன் கையெழுத்தில் நிரப்பிவிட்டாள். தகப்பன் கையெழுத்து வைத்துவிட்டார். முன்பிருந்த பொறுப்பாளரின் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, பிள்ளைக்கு அவர் என்ன உறவு என்று ஒரு வரி. அந்த இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஒன்றும் எழுதாமல் மூடியைப் பூட்டி என்னிடம் தந்துவிட்டாள்.

நானும் எழுதவில்லை. அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். வந்து நீ எழுது ராசா.

அப்பாவின் ஆசீர் உனக்கு எப்போதும் உண்டு,
அக்கா